நற்றாயும் செவிலியும்: பிலிப்பைன்ஸ் திரைப்படங்களில் அயலகப் பணியாளர் குடும்பங்கள்

பசிபிக் பெருங்கடலின் மேற்கு ஓரத்தில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகளால் ஆகிய நாடு பிலிப்பைன்ஸ். அந்நாடு உலகிற்கு ஏற்றுமதி செய்வது யாது என வினவினால், தேங்காய் எண்ணெய் என்றும் மின்னணுப் பொருள்கள் என்றும் ஏடுகள் விடை கூறும். மணிலா வானூர்தி நிலையத்தில் ஒரு பகற்பொழுது நின்று காண்பவர்க்கோ வேறொரு விடை கிடைக்கும். அந்நாடு தன் மக்களையே அனுப்பி வைக்கிறது. 1974ஆம் ஆண்டு அதிபர் மார்கோஸ் ஆட்சியில் பிறப்பிக்கப்பெற்ற தொழிலாளர் சட்டத் தொகுப்பு, அயல்நாடுகளுக்குப் பணியாளரை அனுப்புவதை அரசே முன்னின்று நடத்தும் பணியாக்கிற்று. பின்வந்த அதிபர் கொரசோன் அக்கினோ 1988இல் ஹாங்காங்கில் வீட்டுப் பணிப்பெண்களிடையே உரையாற்றுகையில் அவர்களைப் ‘புதிய வீரர்கள்’ எனப் போற்றினார். 2023ஆம் ஆண்டில் மட்டும் இவ்வீரர்கள் தாயகத்திற்கு அனுப்பிய தொகை 3,700 கோடி அமெரிக்க டாலரைத் தாண்டிற்று. அரசு சூட்டிய அப்பட்டத்தை அந்நாட்டுத் திரைப்படங்கள் எவ்வாறு எதிர்கொண்டன என்பதே இக்கட்டுரையில் நாம் காண விழைவது.

தமிழ் பயில்வோர்க்குப் பொருள்வயிற் பிரிவு புதியதன்று. பாலைத் திணையில் பிரிந்து செல்பவன் தலைவன். இல்லிருந்து நாள் எண்ணுபவள் தலைவி. கடல்வழிச் செலவில் மகளிரை உடன்கொண்டு செல்லும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பியமும் உரைக்கும். பிலிப்பைன்ஸ் திரைப்படங்களைக் காணும்போது இவ்விலக்கணம் தலைகீழாகி நிற்பதைக் காண்கிறோம். அங்கே பெரும்பாலும் பிரிந்து செல்பவள் தாய். சென்ற இடத்தில் அவள் செய்யும் தொழிலோ பிறர் பெற்ற பிள்ளையை வளர்ப்பது. நம் அகப்பாடல்களில் நற்றாயும் செவிலித்தாயும் ஒரே இல்லத்தில் வாழும் இருவர். இப்படங்களிலோ ஒருத்தியே ஒரு கரையில் செவிலியாகவும் மறு கரையில் இல்லாத நற்றாயாகவும் இருக்கிறாள். துன்பம் முழுவதும் இந்த இரட்டை நிலையிலிருந்தே பிறக்கிறது.

கீழக்கரை, காயல்பட்டினம், அதிராம்பட்டினம் போன்ற ஊர்களிலிருந்து வரும் நம் மாணவர்க்கு இச்செய்தி தொலைவானதன்று. ‘சபராளி’ என்னும் சொல்லைத் தாலாட்டுடன் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. நம் இல்லங்களில் சபர் சென்றவர் தந்தை, தாய் வீட்டிலிருந்தார்.

அயலகப் பணியாளர் கதையை அந்நாட்டுத் திரை முன்னரே அறிந்திருந்தது. 1984இல் கில் போர்ட்டஸ் இயக்கிய ‘மெரிக்கா’ என்னும் படம், அமெரிக்காவின் நியூஜெர்சியில் பணிபுரியும் ஒரு செவிலியரின் தனிமையைச் சொல்லிற்று. நாயகியாக நடித்தவர் நோரா அவுனோர். பதினோராண்டு கழித்து அவரே ஏற்ற மற்றொரு வேடம் நாடு முழுவதையும் உலுக்கியது.

லகுனா மாநிலத்தின் சான் பாப்லோ நகரைச் சேர்ந்த ஃப்ளோர் கொன்டெம்ப்ளாசியோன் நான்கு மக்களின் தாய், சிங்கப்பூரில் பணிப்பெண். 1991இல் மற்றொரு பிலிப்பைன்ஸ் பணிப்பெண்ணையும் அவர் பராமரித்த நான்கு வயதுச் சிறுவனையும் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டு, 1995 மார்ச் 17ஆம் நாள் அவர் தூக்கிலிடப்பட்டார். நீதிமன்றம் குற்றவாளி எனத் தீர்ப்பளித்த அவரைத் தாயக மக்களுட் பெரும்பாலோர் குற்றமற்றவர் என்றே நம்பினர். இரு நாடுகளும் தூதர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டன. பிலிப்பைன்ஸ் வெளியுறவு அமைச்சர் பதவி துறந்தார். அயலகப் பணியாளர் பாதுகாப்புச் சட்டம் அதே ஆண்டு ஜூனில் நிறைவேறிற்று. அவ்வாண்டே இவ்வழக்கைப் பற்றி இரு படங்கள் வெளிவந்தன. அவற்றுள் ஜோயல் லமாங்கன் இயக்கிய ‘ஃப்ளோர் கொன்டெம்ப்ளாசியோன் கதை’ கெய்ரோ உலகத் திரைப்பட விழாவில் தலையாய பரிசாகிய பொற்பிரமிடைப் பெற்றது. நோரா அவுனோர் சிறந்த நடிகையானார். அவர் 2025இல் காலமானபோதும் அப்படத்தை நினைவுகூராதார் இலர். நைல் நதிக்கரையில் அப்பரிசு வழங்கப்பெற்றதும் எண்ணத்தக்கது. எகிப்தும் தன் மக்களை வளைகுடா நாடுகளுக்கு அனுப்பும் நாடன்றோ?

அதே 1995இல் மற்றொரு வழக்கும் பேசப்பட்டது. தென் தீவாகிய மிந்தனாவோவின் முஸ்லிம் குடும்பமொன்றில் பிறந்த சாரா பலபாகன் என்னும் இளம்பெண், வயதைக் கூட்டிக் காட்டிய கடவுச்சீட்டுடன் ஐக்கிய அரபு அமீரகம் சென்றவர். தன்னைக் கெடுக்க முற்பட்ட முதலாளியைக் குத்திக் கொன்றதற்காக அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. உலகெங்கும் எழுந்த குரலுக்குப் பின், இறந்தவரின் குடும்பத்தார் குருதியீட்டுத் தொகையை ஏற்க, ஓராண்டுச் சிறையாகவும் நூறு கசையடிகளாகவும் தண்டனை குறைந்தது. 1996இல் அவர் தாயகம் மீண்டார். 1997இல் லமாங்கனே இதனையும் படமாக்கினார். இவ்விரு படங்களிலும் கண்ணீர் சற்று மிகுதி என்பது நம் கருத்து. எனினும் ‘வீரர்’ என அழைத்த அரசு அவ்வீரரைக் காக்க எங்கே சென்றது என்ற வினாவை அவை திரையரங்கின் இருளில் உரக்கக் கேட்டன.

வழக்குமன்றத்தை விட்டு வீட்டிற்குள் நுழைந்த படம் ரோரி குவிந்தோஸ் 2000இல் இயக்கிய ‘அனாக்’. தகாலோக் மொழியில் இச்சொல்லுக்குப் பிள்ளை என்பது பொருள். மலாய் மொழியிலும் அதுவே பொருளாதலின், மலேயா சென்று மீண்ட நம் முன்னோர் அறிந்த சொல்லே இது. ஹாங்காங்கில் பணிப்பெண்ணாகப் பல்லாண்டு உழைத்த ஜோசி, பெட்டி நிறையப் பரிசுகளுடன் ஊர் திரும்புகிறாள். கணவன் இறந்துவிட்டான், இறுதிச் சடங்கிற்கு அவள் வரவில்லை. கடைக்குட்டிக்குத் தாயின் முகமே தெரியாது. மூத்தவள் கார்லாவுக்குத் தாயைத் தெரியும், வெறுக்கவும் தெரியும். முதலாளியின் வீட்டில் அடைபட்டுக் கிடந்ததால்தான் தாய் வர இயலவில்லை என்பதைப் பிள்ளைகள் அறியார். தாயும் எளிதில் சொல்லவில்லை.

இப்படத்தின் மிகச் சிறந்த இடம் தாயும் மகளும் நேருக்கு நேர் மோதும் காட்சி. மகள் புகைக்கும் சிகரெட்டிலும் அருந்தும் மதுவிலும் தான் உண்ணாது விடுத்த உணவின் விலை அடங்கியிருக்கிறது என்று தாய் கணக்குச் சொல்கிறாள். கணக்கு சரியானதே. ஆனால் மகள் கேட்பது பணமன்று. அவள் தாயின்றிக் கழித்த நாள்களையே கேட்கிறாள். அவற்றை எந்த வங்கி வரைவோலையும் திருப்பித் தர இயலாது. இருவர் பக்கமும் நியாயம் இருப்பதால் நம்மால் ஒருவர் பக்கமாகச் சாய முடிவதில்லை. ஜோசியாக நடித்த வில்மா சாண்டோஸ் அப்போது லிப்பா நகரின் மேயராகவும் இருந்தார் என்பது ஒரு சுவையான செய்தி. படத்தின் முடிவில் ஜோசி தாயகத்திலேயே தங்கிவிடுவாள் என எதிர்பார்க்கிறோம். சேமிப்பு கரைந்துவிடுகிறது, அவள் மீண்டும் ஹாங்காங்கிற்கே செல்கிறாள். இம்முறை பிள்ளைகள் உடன்வந்து வழியனுப்புகிறார்கள்.

‘அனாக்’ பெற்ற வெற்றியைத் தொடர்ந்து அதே ஸ்டார் சினிமா நிறுவனம் நகரத்திற்கு ஒரு படமாக எடுக்கத் தொடங்கிற்று: 2004இல் ‘மிலான்’, 2005இல் ‘துபாய்’, 2008இல் ஆசிரியப் பணியைத் துறந்து இலண்டனில் முதியோரைப் பேணச் செல்லும் பெண்ணைப் பற்றிய ‘கேர்கிவர்’. இந்நிறுவனத்தின் தாய்நிறுவனமே 1994இலிருந்து அயலகத் தமர்களுக்கெனத் தனித் தொலைக்காட்சி அலைவரிசையை நடத்தி வந்தது. பிரிந்தவர் துயரைப் படமாக்கி, அதனைப் பிரிந்தவர்க்கே விற்கும் வாணிகம் இது. இதனாலேயே இப்படங்கள் பலவற்றில் காதலும் அழகிய வீதிகளும் கூடின. அனுப்பும் அமைப்பைக் கேள்வி கேட்கும் துணிவு குறைந்தது. நாம் இவற்றை முற்றிலும் ஒதுக்கவில்லை. துபாயின் ஒண்டிக்குடித்தனத்தில் அமர்ந்து காண்பவர்க்குத் தம் முகத்தைத் திரையில் காண்பதே ஓர் ஆறுதல்.

சிறு முதலீட்டுப் படங்களே பின்னர் அத்துணிவைக் காட்டின. ஹன்னா எஸ்பியாவின் ‘டிரான்சிட்’ 2013இல் வந்தது. புலம்பெயர் பணியாளரின் சிறு பிள்ளைகளை வெளியேற்ற இஸ்ரேல் அரசு முற்பட்டபோது, டெல் அவிவ் நகரில் ஒரு தந்தை தன் நான்கு வயது மகனை வீட்டிற்குள்ளேயே மறைத்து வைக்கிறார். பிள்ளைக்கு வாயில் வருவது எபிரேயம். திருப்பி அனுப்பப்பட இருக்கும் தாயகமோ அவன் கண்டறியாதது. அதே ஆண்டு, பிலிப்பைன்ஸ் படமன்றாயினும், சிங்கப்பூர் இயக்குநர் ஆன்டனி சென்னின் ‘இலோ இலோ’ கான் விழாவில் முதற்பட இயக்குநர்க்கான பரிசைப் பெற்றது. தன்னை வளர்த்த பணிப்பெண்ணின் நினைவில் அவர் எடுத்த அப்படத்திற்குச் சீன மொழியில் வைத்த பெயர் ‘அப்பா அம்மா வீட்டில் இல்லை’ என்னும் பொருளுடையது. அப்பெயர் சிங்கப்பூர்ச் சிறுவனுக்குப் பொருந்துவது போலவே, பணிப்பெண் ஊரில் விட்டுவந்த கைக்குழந்தைக்கும் பொருந்தும். நற்றாய் செவிலி என்னும் நம் சொற்களை இக்கட்டுரைக்குத் தலைப்பாக்க நம்மைத் தூண்டியது இப்படமே.

2016இல் பேபி ரூத் வில்லாராமாவின் ‘சண்டே பியூட்டி குயின்’ என்னும் ஆவணப்படம் மணிலா பெருநகரத் திரைவிழாவில் சிறந்த படமெனத் தேர்வு பெற்றது. வாரம் ஆறு நாள் பாத்திரம் கழுவும் பெண்கள் ஏழாம் நாள் ஹாங்காங் வீதியில் அழகிப் போட்டி நடத்துகின்றனர். முடிசூடியவரும் அன்றிரவு குறித்த நேரத்திற்குள் முதலாளியின் வீடு திரும்பியாக வேண்டும். வேலை போனால் இரு வாரத்திற்குள் வேறு வேலை தேட வேண்டும், இல்லையேல் நாட்டை விட்டு வெளியேற வேண்டும். இங்கே அழுகை குறைவு. சிரிப்புக்கிடையே சட்டத்தின் இரும்புப் பிடி தெரிகிறது.

2019இல் வந்த ‘ஹலோ, லவ், குட்பை’ வேறொரு தலைமுறையின் கதை. ஹாங்காங்கில் பணிப்பெண்ணாக இருக்கும் ஜாய் கனடா செல்லத் துடிக்கிறாள். காதலன் தடுத்தும் நில்லாது புறப்படுகிறாள். கல்கரி நகரில் நிகழும் அதன் தொடர்ச்சி 2024இல் வெளிவந்து, நூறு கோடி பெசோவுக்கு மேல் ஈட்டிய முதல் பிலிப்பைன்ஸ் படமாயிற்று. ஜோசிக்கு ஹாங்காங் ஒரு தண்டனை. ஜாய்க்கோ அது அடுத்த நாட்டிற்கான படிக்கட்டு. திரும்பி வருதல் என்னும் சொல்லே கதையிலிருந்து மெல்ல நழுவிவிட்டது.

உலகின் கப்பல்களில் பணிபுரியும் மாலுமிகளுள் பிலிப்பைன்ஸ் நாட்டினர் பெருந்தொகையினர். அவர்களும் ஆண்டுக்கணக்கில் வீட்டைப் பிரிந்திருக்கும் தந்தையரே. ஆயினும் தாயைக் குற்றக் கூண்டில் ஏற்றிக் கேட்டது போல, ‘நீ ஏன் சென்றாய்?’ என்று தந்தையைப் பார்த்துக் கேட்கும் மகனையோ மகளையோ இப்படங்களில் அரிதாகவே காண்கிறோம்.