கேட்கப்படாத கேள்வி

குடும்பநலத் திட்டம் என்றதும் மாத்திரையும் ஊசியும் சுவர் விளம்பரமுமே நம் நினைவுக்கு வருகின்றன. அப்பணியில் இருப்போர் தமக்குள் பேசிக்கொள்கிறார்களா என்று எவரும் கேட்பதில்லை. வங்காளதேசத்தின் கதையை அறிந்தோர் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

டாக்காவிற்குத் தென்கிழக்கே, ஆறுகள் சூழ்ந்த மத்லப் பகுதியில், காலரா ஆய்வுக்கூடத்தார் 1975இல் வீடு வீடாகக் கருத்தடை மாத்திரை வழங்கத் தொடங்கினர். வழங்கியவர்கள் அவ்வூர்ப் பெண்களே. பெரும்பாலோர் எழுத்தறியாத முதிய கைம்பெண்கள். தொடக்கத்தில் வரவேற்பு இருந்தது. பின்னர் அது சரிந்தது. மாத்திரை உண்டு தலைசுற்றலும் குமட்டலும் கண்ட பெண் யாரிடம் போய்க் கேட்பாள்? மாத்திரை கொடுத்தவளுக்கோ விடை தெரியாது. விடை தெரிந்தவர்களோ அவ்வீட்டு வாசலுக்கு வருவதில்லை.

1977இல் முறையையே மாற்றினார்கள். படித்த, மணமான இளம்பெண்கள் 80 பேர் அமர்த்தப்பட்டனர். இரு வாரங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டிற்கும் சென்று, மாத்திரை ஒவ்வாதவர்க்கு வேறு வழிகளையும் எடுத்துரைத்தனர். தம்மால் தீர்க்க இயலாததை அருகிலிருந்த துணை நிலையத்திற்குக் கொண்டு சென்றனர். அங்கே பயிற்சி பெற்ற பெண் மருத்துவ ஊழியர் இருந்தார். ஒன்றரை ஆண்டிற்குள் கருத்தடை முறையைக் கைக்கொண்டோர் நூற்றுக்கு முப்பதைக் கடந்தனர். மருந்து மட்டும் இதைச் செய்துவிடவில்லை என்பதே எம் கருத்து. கீழிருப்பவரின் சொல் மேலே சென்றது. மறுமொழி திரும்பி வந்தது.

இவ்வனுபவத்தை அரசும் ஏற்று நாடெங்கும் பெண் பணியாளர்களை அனுப்பியது. 1970களின் நடுவில் ஆறுக்கு மேல் இருந்த சராசரிக் குழந்தைப்பேறு, நூற்றாண்டின் முடிவில் மூன்றை ஒட்டி வந்தது.

ஆனால் அதே அரசில் இன்னொரு சுவர் எழுந்திருந்தது. சுகாதாரத்திற்கு ஓர் இயக்குநரகம், குடும்பநலத்திற்கு வேறோர் இயக்குநரகம். ஒரே தெருவிற்குத் தடுப்பூசிக்காக ஒருவர் வருவார். கருத்தடை ஆலோசனைக்காக மற்றொருவர் வருவார். பதிவேடுகள் தனித்தனி, மேலதிகாரிகளும் தனித்தனி. பச்சிளங்குழந்தைக்குத் தடுப்பூசி போடும் வாரங்களில்தான் அதன் தாய்க்கும் அடுத்த கருவைப் பற்றிய ஆலோசனை தேவைப்படுகிறது. ஊசி போடுபவருக்கோ அது தம் வேலையன்று!

1998இல் இரு துறைகளையும் இணைக்க முற்பட்டனர். யார் யாருக்குக் கீழே என்னும் பதவிப் பிணக்கு ஓயவில்லை. (உலகெங்கும் அலுவலகங்கள் இப்படித்தான் போலும்!) 2003இல் அம்முயற்சி கைவிடப்பட்டது. 2017இல் அமைச்சகமே இரு பிரிவுகளாக்கப்பட்டது.

எனினும், தலைநகரில் கூடாதது சிற்றூரில் கூடியதுண்டு. தடுப்பூசி முகாமையும் குடும்பநல முகாமையும் ஒரே நாளில் ஒரே வீட்டு முற்றத்தில் நடத்திய இடங்கள் இருந்தன. அங்கே குழந்தைக்கு ஊசி போட வந்த தாய், தன் ஐயத்தையும் கேட்டுத் தெளிந்து வீடு திரும்ப முடிந்தது.