மயிற்பொறியை முடுக்கிய கைகள்

சென்ற தவணையில் ஒருநாள் எமது கலாசாலையில் சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தை நடத்திக்கொண்டிருந்தேன். சச்சந்தன் தன் தேவி விசயையை மயிற்பொறியில் ஏற்றி அனுப்பும் இடம். வலப்புறம் திருகினால் பொறி மேலெழும். இடப்புறம் திருகினால் கீழிறங்கும். கருவுற்ற தேவியைச் சுமந்து சென்ற அப்பொறி சுடுகாட்டில் இறங்கிற்று. அங்கே சீவகன் பிறந்தான். இவ்வளவும் சொல்லி முடித்தபோது பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்தான்.

"ஐயா, அந்தப் பொறியைச் செய்தவனுக்குப் பிறகு என்ன நடந்தது?"

நான் திகைத்துவிட்டேன். எத்தனையோ ஆண்டுகளாக இப்பாடத்தைச் சொல்லி வருகின்றேன். அரசனுக்காக இரங்கியிருக்கின்றேன், தேவிக்காகக் குரல் தழுதழுத்ததும் உண்டு. ஆயின், நகரம் பகைவன் கைப்பட்ட அந்த நாளிலே பழுதின்றிப் பறந்த பொறியைச் செய்த தச்சனை நான் ஒருபோதும் நினைத்தவன் அல்லன்.

அந்த வினா என்னைக் கோயம்புத்தூருக்கு அண்மையிலுள்ள சூலூருக்கு இட்டுச் சென்றது. உடலால் அன்று, வாசிப்பினால். அங்குள்ள விமானத் தளமே இந்திய விமானப்படையின் 'சாரங்' என்னும் சாகசக் குழுவின் இருப்பிடம். சாரங்கம் என்ற வடசொல்லுக்கு மயில் என்பதும் ஒரு பொருள். 2003 ஆம் ஆண்டிலே பெங்களூரில் உருவாகி, 2004 பெப்ரவரியில் சிங்கப்பூரில் முதன்முதலாக மக்கள் முன் ஆடிய குழு இது. செந்நிறம் பூசிய துருவ் உலங்கு வானூர்திகள். அவற்றின் விலாவிலே மயிலின் உருவம். 2021 மார்ச்சில், இலங்கை விமானப்படையின் எழுபதாம் ஆண்டு விழாவின்போது, கொழும்பு காலிமுகத்திடலின் வானிலும் இம்மயில்கள் ஆடின. கண்டவர்கள் விமானிகளைக் கொண்டாடினார்கள். கொண்டாடப்பட வேண்டியவர்களே. நிலத்தில் நின்று அண்ணாந்து பார்த்த தொழில்நுட்பவியலாளர்களை யார் கண்டார்?

அவர்களுடைய பணி எத்தகையது என்பதை அறிய, உலங்கு வானூர்தியின் தலையை நோக்க வேண்டும். துருவுக்குச் சுழல் இறகுகள் நான்கு. விமானி கைப்பிடியைச் சாய்த்தால் அந்தச் சாய்வு, சுழல்தண்டைச் சூழ்ந்திருக்கும் ஒரு தட்டினைச் சென்றடையும். தட்டின் ஒரு பகுதி சுழலாது. மற்றப் பகுதி இறகுகளோடு சேர்ந்து சுழலும். அசையாது நிற்பதன் கட்டளையை ஓயாது சுழல்வதற்கு எடுத்துச் சொல்லும் தூதன் அத்தட்டு என்க. தூதன் பிழைத்தால் விமானியின் திறமை யாது செய்யும்?

2025 ஜனவரி 5 ஆம் திகதி போர்பந்தரில் இந்தியக் கரையோரக் காவற்படையின் துருவ் ஒன்று வீழ்ந்து மூவர் இறந்தனர். இத்தட்டில் ஏற்பட்ட முறிவு ஆய்விலே தெரியவந்தது. துருவ் வானூர்திகள் தரையில் நிறுத்தப்பட்டன. அடுத்த மாதம் பெங்களூரில் நடந்த பெரிய விமானக் கண்காட்சியில் மயில்கள் ஆடவில்லை. உறுப்பொன்றின் நலத்திலே ஓர் ஆட்டம் முழுவதும் தங்கியிருக்கின்றது.

ஆகவேதான் பராமரிப்போரின் ஒழுங்குகள் அத்துணைக் கடுமையாக உள்ளன. கருவிப் பெட்டியில் ஒவ்வொரு கருவிக்கும் அதனதன் வடிவிலே ஓர் இடம் வெட்டப்பட்டிருக்கும். வேலை முடிந்ததும் ஓர் இடம் வெறிதாயிருந்தால், அந்தத் திருகுசாவி அகப்படும்வரை வானூர்தி எழாது. விமானியின் கட்டளையைக் கொண்டுசெல்லும் உறுப்பொன்றை ஒருவர் பூட்டினால், வேறொருவர் அதனைத் தனியே சோதிப்பார். ஒருவர் திருத்திய விடைத்தாளை மற்றொருவர் மீளப் பார்ப்பது போல. இருவரும் ஏட்டிலே கையொப்பமிடுவர். அக்கையொப்பங்களைப் பார்த்த பின்னரே விமானி தம் கையொப்பத்தை இட்டு ஏறுவார். தாம் காணாத ஒரு திருகாணிக்காக, அதனைக் கண்ட ஒருவரின் சொல்லை நம்பி, அவர் தம் உயிரை வைக்கின்றார்.

இங்கிலாந்தின் 'ரெட் அரோஸ்' குழுவில் இந்நம்பிக்கை இன்னும் ஒருபடி மேலே செல்கின்றது. அங்கே நீல உடை அணிந்த பராமரிப்போருள் தெரிந்தெடுக்கப்பட்ட சிலர், ஆட்டக் களத்துக்குப் பயணம் செய்யும்போது விமானியின் பின்னிருக்கையில் அமர்ந்து செல்வர்; இறங்கிய இடத்திலே அதே விமானத்தை அடுத்த பறப்புக்கு ஆயத்தம் செய்வர். 2018 மார்ச் 20 ஆம் திகதி வேல்ஸ் நாட்டிலே அக்குழுவின் விமானமொன்று வீழ்ந்தது. விமானி உயிர் தப்பினார். பின்னிருக்கையில் இருந்த தொழில்நுட்பவியலாளர் மாண்டார். ஆட்டத்தின் புகழ் விமானிக்கு. ஆபத்தோ இருவர்க்கும் பொது.

இவ்வளவு எழுதியபின் ஒன்றைச் சொல்லாது விடுவது நேர்மையாகாது. உலங்கு வானூர்தியின் ஓசையை வியந்து கேட்க என் செவி பழகவில்லை. பலாலி வீதியில் அமைந்தது எமது உரும்பிராய். போர்க்காலத்தில் அவ்வோசை தொலைவிலே கேட்டதும் அம்மா உலையை இறக்கிவிட்டு எங்களைப் பதுங்குகுழிக்கு இழுத்துச் செல்வார். அந்த வானூர்திகளும் பழுதின்றியே பறந்தன. அவற்றையும் யாரோ ஒருவர் துடைத்து, எண்ணெயிட்டு, திருகாணி முடுக்கி, கையொப்பமிட்டே அனுப்பியிருப்பார். அவரையும் நான் புகழ்வதா?

இக்கேள்வியோடு பல இரவுகள் இருந்தேன். பெருந்தேருக்கு அச்சாணி எத்தகையது என்பதை வள்ளுவர் காட்டியிருக்கின்றார். உருவின் சிறுமை கண்டு ஒருவரை இகழலாகாது என்றும் அறிவுறுத்தினார். ஆயின், தேர் போகும் திசையை அச்சாணி கேட்பதில்லை. மனிதன் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். தொழிலின் செம்மை ஒன்று. அது சென்று சேரும் பயன் மற்றொன்று. முன்னதை மதிப்பதற்காகப் பின்னதை மறக்க வேண்டியதில்லை. அந்தக் குழியினுள் இருந்த பிள்ளைக்கு இது முழுமையான விடையாகாது என்பதையும் அறிவேன்.

அதே காலத்தில் எங்கள் ஊரிலே ஒருவர் இருந்தார். பெற்றோல் கிடையாத நாளில், நீரிறைக்கும் இயந்திரங்களை ஒரு சொட்டுப் பெற்றோலில் எழுப்பி மண்ணெண்ணெயில் ஓடச்செய்தவர். வேலை முடிந்ததும் தம் சாவிகளைச் சாக்கின்மேல் வரிசையாக வைத்து எண்ணுவார். ஒன்று குறைந்தாலும் எழமாட்டார். அன்று வெங்காயமும் மரவள்ளியும் வாடாமல் நின்றன என்று இன்றும் பேசுகின்றோம். அவர் பெயரை எடுப்பவர் இல்லை. சூலூரில் கருவிகளை எண்ணுகின்ற கையும் இந்தக் கையும் ஒரே குலம்.

மறுவாரம் வகுப்பிலே அந்த மாணவனை எழுப்பினேன்.

"தம்பி, தச்சனுக்கு என்ன நடந்ததென்று தேவர் சொல்லவில்லை. ஆனால் விசயை உயிரோடு இறங்கினாள், பிள்ளையும் பிறந்தது. அவன் இட்ட கையொப்பம் அதுதான்."

அவன் தலையசைத்து அமர்ந்தான். நாங்கள் அடுத்த பாட்டுக்குச் சென்றோம்.