கோடைப் பயிற்சிக்கு மகளை சைதாப்பேட்டை அனுப்பும் முன்...



கல்லூரியில் படிக்கும் நம் பெண்பிள்ளைகளுக்கு மே, ஜூன் மாதங்களில் 'இன்டர்ன்ஷிப்' வருகிறது. கம்பெனிக்கே போய் வேலை பழகுவதுதான் அது. கிண்டி தொழிற்பேட்டை பக்கத்தில் என்பதால் சைதாப்பேட்டையில் தங்கிப் போய்வருவது வசதி. "வயசுப் பொண்ணை எப்படித் தனியா விடுறது?" என்று குழுக் கூட்டத்தில் கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். அதற்காகப் பயிற்சியை நிறுத்திவிட வேண்டாம், விசாரித்து அனுப்புவோம்.

கம்பெனியின் கடிதம் கையில் இருக்கணும். எந்தத் தேதி முதல் எதுவரை, வேலை நேரம், உதவித்தொகை உண்டா இல்லையா என்று அதில் எழுதியிருக்க வேண்டும். "பணம் கட்டினால்தான் இடம்" என்று யாராவது சொன்னால் கல்லூரியில் கேட்காமல் ஒரு பைசா கொடுக்காதீர்கள். அசல் சான்றிதழை யாரிடமும் விட்டுவர வேண்டாம், நகல் போதும்.

அடுத்தது விடுதி. 2014-ல் வந்த தமிழ்நாடு விடுதிகள் சட்டப்படி பெண்கள் விடுதிக்கு மாவட்ட ஆட்சியரின் உரிமம் வேண்டும். அதைக் காட்டச் சொல்லுங்கள், கேட்க வெட்கமே வேண்டாம். அட்வான்ஸ் எவ்வளவு, அதில் எவ்வளவு திரும்ப வரும், ரசீது உண்டா, கோடையில் தண்ணீர் வருதா, கதவை எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்றெல்லாம் கேளுங்கள். இரண்டு மாதத் தங்கலுக்குப் பெரிய அட்வான்ஸ் கேட்டால் வேறு இடம் பார்ப்பதே நல்லது. முதல் தடவை அம்மாவும் கூடப் போய் அறையைப் பார்த்துட்டு வாங்க.

தென்மாவட்ட ரயிலில் வருகிறவர்கள் எழும்பூர் வரை போக வேண்டியதில்லை. தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயில் பிடித்தால் கிண்டிக்கு அடுத்தது சைதாப்பேட்டை. பெண்கள் பெட்டி தனியாக உண்டு. 2018-ல் திறந்த மெட்ரோ நிலையத்துக்கும் அதே பெயர்தான், ஆனால் அது அண்ணா சாலையில் இருக்கிறது. பிள்ளைகள் குழம்பிவிடக் கூடாது.

மகளிடம் மனம்விட்டுப் பேச வேண்டியது ஒன்று உண்டு. வேலை இடத்தில் யாராவது தவறாக நடந்தால், 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சம்பளம் வாங்காத பயிற்சி மாணவிக்கும் பொருந்தும். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு இருக்க வேண்டும். சிறிய இடமென்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கணும். "உன்னைத் திட்ட மாட்டேன், எதுவானாலும் முதலில் என்கிட்ட சொல்லு" என்று அம்மா சொல்லி அனுப்பினால்தான் பிள்ளை வாய் திறக்கும். அவசரத்துக்கு 181, 112.

செலவுக்கு உள்கடன் தேவைப்படுவோர் ஏப்ரல் முதல் கூட்டத்திலேயே கேட்டு, தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடுங்கள்.