செருத்தணியும் அவைவினாவும்

திருத்தணிகை மலைக்குச் செருத்தணி என்பதும் ஒரு பெயர். செரு என்பது போர். சூரனொடு பொருத முருகன் சினந்தணிந்து அமர்ந்த இடமாதலின் இப்பெயர் எய்திற்று என்பர். பிற முருகன் தலங்களில் சட்டி விழாவின்போது நிகழும் சூரசங்காரம் இங்கு நிகழ்வதில்லை. கச்சியப்பர் பாடிய கந்தபுராணத்தில் சூரன் தலைநகராகிய வீரமகேந்திரம் கடலின் நடுவே உள்ளது. ஆகவே அப்போர் கடல் கடந்த போராம். அந்நூலுள் போரைப் பற்றிய அவைச்சொல்லும் உண்டு. தேவரைச் சிறைவிடுக என்று தமையனுக்கு அவைக்கண் எடுத்துரைத்த சிங்கமுகன், தன் சொல் ஏலாமையின் அத்தமையன் பொருட்டே பொருது மாய்கின்றான்.

ஆளும் பொறுப்பில்லாத ஒருவன் போரைப் பற்றி அவையில் எழுப்பும் வினா இலக்கண நெறியில் எத்தகையது என்பதே ஈண்டு ஆராயப்படுவது. செப்பும் வினாவும் வழுவாமற் காத்தல் வேண்டும் என்பது தொல்காப்பியர் கருத்து. பவணந்தியார் வினாவை அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல் என ஆறாக வகுப்பர். நாடாளுமன்ற விதிகள் இவற்றுள் அறியா வினா ஒன்றையே வெளிப்படையாக ஏற்கின்றன. வினாவில் வாதம், ஊகம், எள்ளல், குற்றச்சாட்டு ஆகியன இருத்தல் கூடாது; கருத்துரை கேட்டலும் ஆகாது; நட்பு நாட்டை மதிப்பின்றிச் சுட்டலும் ஆகாது. போர் நிகழ்வதோ அந்த நட்பு நாட்டில். ஆகவே உறுப்பினர் தாம் அறிந்ததை அறியாதார்போல வினவ நேர்கிறது.

‘போர் நிறுத்தத்திற்கு அரசு முயன்றுள்ளதா?’ என்றொரு வினாவை எடுத்துக்காட்டாக அமைத்துக்கொள்வோம். வடிவால் இஃது அறியா வினா. முயலவில்லை என்பதை அறிந்தே கேட்பின் அறிவினா. உட்கிடையோ ‘முயல்க’ என்னும் ஏவல். ‘உண்டாயா?’ என்று தாய் கேட்பது உண்ணச் சொல்வதாதல் போன்றது இது. ஒரே தொடர் மூன்று வகையிலும் அடங்குவதை நன்னூல் உரைகள் விரித்துக் காட்டவில்லை. அவைமொழியை ஆராய்வார் இதனைக் கருதுதல் தகும்.

திருத்தணியிற் பிறந்த இராதாகிருட்டிணனார் 1952 முதல் 1962 வரை மாநிலங்களவைத் தலைவராய் வீற்றிருந்தார். அவ்வவையில் 1978 முதல் 1996 வரை உறுப்பினராயிருந்தவர், வைகோ என இன்று அறியப்படும் வை. கோபால்சாமி. அமைச்சுப் பொறுப்பு எதனையும் ஏலாத அவர் ஈழத்தமிழர் இடர் குறித்து அவ்வவையில் பன்முறை பேசியவர். 1987 சூலை 29-இல் இந்திய இலங்கை உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அவ்வாண்டு அக்டோபரில் இந்திய அமைதிப்படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர் மூண்டது. 1,000-க்கும் மேற்பட்ட இந்திய வீரர் மாண்டனர். படை முற்றிலும் திரும்பியது 1990 மார்ச்சில். இடையே 1989 பிப்ரவரியில் உறுப்பினராக இருந்துகொண்டே வைகோ மறைவாகப் படகேறி ஈழம் சென்று மீண்டார். அச்செலவின் முறைமை பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. இலக்கண நோக்கில் ஒன்று தெளிவு: களத்தைக் கண்ணாற் கண்டு மீண்டவர்க்கு அறியா வினா இயல்பன்று.

இனி விடை. பவணந்தியார் எட்டாக வகுத்தவற்றுள் சுட்டு, மறை, நேர் என்பன நேர்விடைகள். ஏனைய ஐந்தும் குறிப்பாற் பொருள் தருவன. கேட்டதை விடுத்து அதற்கு இனமானதைக் கூறுவது இனமொழி. 2008 அக்டோபர் 14-இல் சென்னையிற் கூடிய அனைத்துக் கட்சிக் கூட்டம், இரு வாரத்துள் போர் நிறுத்தம் வாராவிடில் தமிழக நாடாளுமன்ற உறுப்பினர் பதவி விலகுவர் என்றது. அக்டோபர் 26-இல் வெளியுறவு அமைச்சர் பிரணாப் முகர்சி முதலமைச்சர் கருணாநிதியைச் சந்தித்தார். 800 டன் நிவாரணப் பொருள் அனுப்பப்படும் என்னும் அறிவிப்பு வந்தது. பதவி விலகல் நடைமுறைக்கு வரவில்லை. கேட்டது போர் நிறுத்தம், பெற்றது அரிசியும் ஆடையும் போல்வன எனின், இனமொழிக்கு இதனினும் ஏற்ற சான்று வேண்டுவதில்லை. பசித்தார்க்கு அப்பொருள் வேண்டாததன்று. ஆயினும் வினாவிற்கு அது நேர்விடையன்று.

திருத்தணியைச் சென்னை மாநிலத்தோடு 1960 ஏப்ரல் 1-இல் சேர்த்தது நாடாளுமன்றச் சட்டம். அத்தொகுதிக்கு அன்றுமுதல் சென்னையில் உறுப்பினர் உண்டு. அவர் சாலையும் ஏரியும் பற்றி வினவலாம். போரைப் பற்றி வினவிப் பயனில்லை. அரசமைப்பின் ஏழாம் அட்டவணை வெளியுறவையும் போரையும் ஒன்றியப் பட்டியலில் வைத்துளதாதலின், விடை கூறுதற்குரிய அமைச்சர் அவ்வவையில் இல்லை. எஞ்சியது தீர்மானம் ஒன்றே. போர் நிறுத்தம் வேண்டி 2008 நவம்பர் 12-இலும், இறுதி வேண்டுகோளாக 2009 சனவரி 23-இலும் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் இயற்றிற்று. 2009 மே மாதத்தில் போர் முடிந்தது, வேண்டிய முறையில் அன்று.

தீர்மானம் வினாவின் ஆறுவகையுள் யாதொன்றினும் அடங்காது. ஏவல் எனலாமெனினும் ஏவுதற்குரிய உயர்வு மாநில அவைக்கு இல்லை. ஈ, தா, கொடு என்னும் மூன்றனுள் இழிந்தோன் கூற்று, ஒப்போன் கூற்று, உயர்ந்தோன் கூற்று எனத் தொல்காப்பியர் வேறுபாடு காட்டினார். மாநில அவை ஒன்றிய அரசை நோக்கிக் கூறும் சொல் இம்மூன்றனுள் யாது என்பது அரசமைப்பு அறிஞரும் இலக்கண அறிஞரும் கூடி ஆராய்தற்குரியது.