ஊர்தித் தகுதியும் ஆண்டுச் சோதனையும்

உப்பு வாணிகஞ் செய்த உமணர் நெடுவழி செல்லுங்கால், தம் வண்டியின் அடியிற் சேமவச்சு ஒன்றினைக் கட்டிச் சென்றனர் என்பது புறநானூற்றால் அறியக்கிடக்கின்றது. மேடும் பள்ளமும் மிக்க வழியில் அச்சு முறிதல் கூடும் என முன்னரே எண்ணிய அறிவு அது. ஆகவே, ஊர்தி வழிச்செல்லத் தகுதியுடையதா என்னும் வினா எந்திர ஊர்தியோடு பிறந்ததன்று. ஆயின் ஒரு வேற்றுமையுண்டு. உமணர் வண்டி முறியின் இழப்புப் பெரும்பாலும் அவர்க்கே. இக்காலத்து வானோ சிறு லொறியோ பழுதுறின், அதனுள் இருப்போரும் தெருவிற் செல்வோரும் ஒருங்கே இடருறுவர். உரியவன் பொறுப்பாய் இருந்தது அரசின் பொறுப்புமாய் ஆனமைக்குக் காரணம் இதுவே.

இச்சோதனை முறையின் வரலாறு சுவையுடையது. ஜேர்மனியில் மான்கைம் நகரத்து மதுவடிசாலை ஒன்றிற் கொதிகலன் 1865ஆம் ஆண்டில் வெடித்தது. அடுத்த ஆண்டிற் கொதிகலன் உரிமையாளர் தம்முள் ஒரு கழகம் அமைத்து, தம் கலன்களைத் தாமே காலந்தோறும் ஆராயச் செய்தனர். ஊர்திகளைச் சோதிக்கும் நிறுவனங்கள் அந்நாட்டில் இவ்வித்தினின்றே வளர்ந்தன. மேற்கு ஜேர்மனி காலமுறைச் சோதனையைக் கட்டாயமாக்கிய ஆண்டு 1951. யப்பான் வீதி ஊர்திச் சட்டத்தை இயற்றியதும், இலங்கை 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தை நிறைவேற்றியதும் அதே 1951இலாம். பிரித்தானியா 1960இற் பத்தாண்டு கடந்த கார்களுக்குச் சோதனை விதித்தது. அன்று நோக்கப்பட்டவை பிறேக்கும் ஸ்ரியறிங்கும் விளக்குகளுமே. அவ்வெல்லை 1961இல் ஏழாண்டாகவும், 1967இல் மூன்றாண்டாகவும் குறைந்தது.

இனி, வானையும் சிறு லொறியையும் தனித்து நோக்குவது ஏனெனின், அவை சுமக்கும் பாரமே காரணமாம். பிரித்தானியாவில் மொத்தப் பாரம் 3,000 கிலோகிராமுக்கு மேற்பட்டு 3,500 கிலோகிராம் வரையுள்ள பண்ட வான்களுக்கு ஏழாம் வகுப்பு என்னும் தனிச்சோதனை உண்டு. யப்பானில் தனியார் கார் முதன்முறை மூன்றாண்டிலும் பின்னர் ஈராண்டுக்கொருமுறையும் சோதிக்கப்பட, பண்ட வானோ முதல் ஈராண்டின் பின் ஆண்டுதோறும் சோதிக்கப்படுகின்றது. நம் தெருக்களில் ஓடும் வான்களுட் பல அந்நாட்டிற் பயன்பட்டு இங்கு வந்தவை என்பதை ஈண்டு நினைத்தல் தகும்.

சோதனையின் உள்ளீடு யாது? முதலாவது பிறேக். இரு சில்லுகளையும் சுழலும் உருளைகளின்மேல் நிறுத்திப் பிறேக்கை அழுத்தினால், ஒவ்வொரு சில்லும் எத்துணை விசையோடு தடுக்கின்றது என்பதைக் கருவி காட்டும். எல்லாச் சில்லுகளின் விசையையுங் கூட்டி ஊர்தியின் நிறையோடு ஒப்பிட்டு நூற்றுவீதமாகக் கூறுவர். இடச்சில்லும் வலச்சில்லும் மிக வேறுபடின், சடுதியாக நிறுத்துங்கால் ஊர்தி ஒரு பக்கம் இழுபடும்.

இவ்வெண்களின் பொருளை ஒரு கணக்காற் காண்போம். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வான் ஒரு விநாடியில் ஏறத்தாழ 14 மீற்றர் கடக்கும். சாரதி இடரைக் கண்டு காலை அழுத்துதற்குள் அவ்வொரு விநாடி கழிந்துவிடும். பிறேக்கின் வலிமை 50 வீதமாயின், அதன்பின் ஏறத்தாழ 20 மீற்றரில் வான் நிற்கும். மொத்தம் 34 மீற்றர். வலிமை 25 வீதமாகக் குறையின், மொத்தம் ஏறத்தாழ 53 மீற்றராகும். வீதியைக் கடக்கும் மாணவன் ஒருவனின் உயிர் இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தூரத்தில் தங்கியிருத்தல் கூடும்.

அடுத்தவை ரயரின் தேய்வு, ஸ்ரியறிங்கின் தளர்வு, வில்தகட்டின் வெடிப்பு, விளக்கு, ஆசனப்பட்டி, அடிச்சட்டத்தின் துரு என்பன. இறுதியிற் கூறியது கொழும்பினர்க்குச் சிறப்பாக உரியது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கடற்காற்று உப்பைச் சுமந்து வருகின்றது. புறத்தே வண்ணம் பொலிவுற விளங்கினும், அடியில் இரும்பு உள்ளே அரிக்கப்பட்டிருத்தல் கூடும். அதனைக் கண்டறிய ஊர்தியை உயர்த்தி, கீழ்நின்று பார்த்தலே வழி.

இலங்கையின் நடைமுறையில் ஒரு தெளிவு வேண்டும். வருமான அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கக் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் கேட்கப்படும். லொறி, பேருந்து முதலிய வணிக ஊர்திகட்குத் தகுதிச் சான்றிதழும் வேண்டப்படும். புகைப் பரிசோதனை 2008இல் நடைமுறைக்கு வந்தது. டீசல் ஊர்தியிற் புகையின் அடர்த்தியையும், பெற்றோல் ஊர்தியிற் காபனோரொட்சைட்டு முதலியவற்றையும் அது அளக்கும். அது நகரின் காற்றுக்குச் செய்யும் நன்மை பெரிது. எனினும் எந்திரத்தின் மூச்சை அளக்கும் அக்கருவி பிறேக்கின் வலிமையை அளப்பதன்று. புகைச் சான்றிதழைக் கையிற் கொண்டு, ஊர்தி எல்லாவகையாலும் நன்று எனக் கருதுவது பிழையாகும்.

வான்களுட் பல இருதேவை ஊர்தி என்னும் வகுப்பிற் பதியப்பட்டவை. ஆட்களையும் பொருளையும் ஏற்றுதற்கு உரியவை. காலையிற் காலி வீதி வழியே மாணவரைச் சுமப்பனவும் அவற்றுள் உள. புறக்கோட்டையிலிருந்து கொட்டாஞ்சேனைக் கடைகளுக்கு அரிசியும் பருப்பும் கொண்டுசெல்லும் பட்டா ரக வாகனங்களோ நாள்முழுதும் நின்று நின்று செல்வதால் பிறேக் தேய்வு மிகுவது. பதிவேட்டில் எழுதிய வகுப்பை ஊர்தியின் உறுப்புகள் அறியா. அவை அறிவது தம்மேல் ஏற்றிய பாரத்தையே. ஆதலின், வகுப்பு எதுவாயினும் பாரத்துக்கும் ஓட்டத்துக்கும் ஏற்பச் சோதனை அமைதலே முறை.

ஆண்டுச் சோதனைக்கும் ஓர் எல்லையுண்டு. அது அந்நாளின் நிலையைக் கூறுமேயன்றி, அடுத்த திங்களின் நிலைக்குப் பிணையாகாது. சோதனைக்கென நல்ல ரயரை மாட்டிப் பின்னர் கழற்றுவோர் அதிகாரியை ஏமாற்றுவதாக எண்ணுவர். உண்மையில் தம் பயணிகளையே ஏமாற்றுகின்றனர். எஞ்சிய 364 நாட்களுக்கும் சாரதியே சோதகர். புறப்படுமுன் ரயரின் காற்று, பிறேக் எண்ணெய், விளக்குகள் ஆகியவற்றைப் பார்த்தற்குச் சில நிமிடங்களே வேண்டும்.

பிள்ளையை வானில் அனுப்பும் பெற்றோர் மாதக் கட்டணத்தை வினவுகின்றனர். பிறேக் இறுதியாக எப்பொழுது பார்க்கப்பட்டது என்றும் வினவுவாராயின், சட்டம் எட்டாத இடத்தையும் அவ்வினா எட்டும். அது கேட்பவர்க்கு நாணம் தருவதன்று. விடை கூற இயலாதவர்க்கே நாணம் தருவது.