இழப்பிலும் ஒரு பயன்



இவ்வரியை நாம் வாசிக்கும் நேரத்திலேயே, கதிரவனிலிருந்து புறப்பட்ட நியூட்ரினோ என்னும் நுண்துகள்கள் நம் உடலை ஊடுருவிச் சென்றுகொண்டிருக்கின்றன. ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் வினாடிக்கு ஏறக்குறைய 6,500 கோடி! ஆயினும் நாம் எதையும் உணர்வதில்லை. இத்தகைய துகள் இருக்கவேண்டும் என்று அறிவியலாளர் வோல்ஃப்காங் பவுலி 1930ஆம் ஆண்டில் கூறினார். 1956ஆம் ஆண்டில்தான் அது கண்டறியப்பட்டது.

எளிதில் பிடிபடாத நியூட்ரினோக்களை ஆராய, அவற்றைக் கற்றையாக உருவாக்குகின்றனர். புரோட்டான்களை ஓர் இலக்கின்மீது மோதவிட்டு, அதில் தோன்றும் பையான் துகள்கள் சிதையும்போது நியூட்ரினோக்களைப் பெறுவதே இன்றைய வழக்கம். ஆனால் அக்கற்றையில் எந்த வகை எவ்வளவு என்பதைத் துல்லியமாகச் சொல்வது கடினம். அளவு சரியாகத் தெரியாத படியைக் கொண்டு நெல் அளப்பதைப் போன்றது இது.

இதற்கு மியூவான் துகள் வழிகாட்டுகிறது. எலக்ட்ரானைப் போல ஏறக்குறைய 207 மடங்கு நிறை கொண்ட இதன் சராசரி ஆயுள், வினாடியின் பத்து இலட்சத்தில் இரண்டு பங்கே. ஆனால் 5 டெரா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் அது விரையும்போது, நம் கணக்கில் அந்த ஆயுள் வினாடியின் பத்தில் ஒரு பங்காக நீள்கிறது. இவற்றை மோதவிடும் இயந்திரத்தைப் பன்னாட்டு அறிவியலாளர்கள் திட்டமிட்டு வருகின்றனர்.

மோதுவதற்கு முன்பே மியூவான் சிதைவது அந்த இயந்திரத்திற்கு இழப்புதான். ஆனால் எதிர்மின் மியூவான் சிதையும்போது ஓர் எலக்ட்ரானும், ஒரு மியூவான் நியூட்ரினோவும், ஓர் எலக்ட்ரான் எதிர்நியூட்ரினோவும் பிறக்கின்றன. எனவே, கற்றையில் என்ன இருக்கும் என்பதை முன்கூட்டியே கணக்கிடலாம். இழப்பே அளவு தவறாத படியாகிறது!

எனினும் ஒரு கவலையும் உண்டு. இயந்திரம் 200 மீட்டர் ஆழத்தில் அமைந்தாலும், பூமியின் வளைவினால் அக்கற்றை சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் தரைக்கு மேலே வரும். ஆற்றல் மிகும்போது நியூட்ரினோக்கள் மண்ணோடு மோதுவதும் மிகும். அதனால் அங்கே சிறிதளவு கதிர்வீச்சு உண்டாகலாம். ஆகவே, ஒரே இடத்தில் தொடர்ந்து படாதவாறு கற்றையின் திசையைச் சிறிது சிறிதாக மாற்றும் வழிகள் இப்போதே ஆராயப்படுகின்றன.

இயந்திரம் இன்னும் கட்டப்படவில்லை. ஆயினும், முகமறியா ஊரில் வாழும் மனிதரின் நலன் அதன் வரைபடத்திலேயே இடம்பெறுகிறது. நமது திட்டங்களில் தொலைவில் இருப்போருக்கு இடம் உண்டா? சிந்திப்போம்.