வளர்ப்பு நாய்களும் தோட்டத்து மூலிகைகளும்

வீட்டுத் தோட்டத்தில் வளரும் மூலிகைகளுள் சிலவற்றை வளர்ப்பு நாய்களின் உணவில் சிறிதளவு சேர்க்கலாம். வேறு சில நாய்களுக்கு நஞ்சாகும். குழந்தைக்கு மருந்தாகும் இலை நாய்க்கும் நல்லது என்று கருதுவது தவறு.

கொடுக்கத்தக்கவை

கொத்தமல்லித் தழை, திருநீற்றுப்பச்சிலை, ரோஸ்மேரி, தைம் ஆகியவை நாய்களுக்கு நஞ்சற்றவை. புதினா ஓரிரு இலைகள் அளவில் தீங்கு செய்வதில்லை. மிகுதியானால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஏற்படும். இவை எவையும் நாய்க்கு இன்றியமையாத உணவல்ல.

தவிர்க்க வேண்டியவை

வெங்காயம், சின்ன வெங்காயம், வெங்காயத்தாள், பூண்டு ஆகியவற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து இரத்தசோகையை உண்டாக்குகின்றன. வேகவைத்தாலும் உலர்த்தினாலும் இந்நஞ்சு நீங்காது. எனவே சாம்பாரோ ரசமோ கலந்த மீதிச் சோற்றை நாய்க்கு வைக்கக்கூடாது. உடல் எடையில் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் தின்ற நாய்களில் பாதிப்பு காணப்படுகிறது. 10 கிலோ நாய்க்கு 150 கிராமே போதும். நாள்தோறும் சிறிது சிறிதாகக் கொடுத்தாலும் கேடு விளையும். பூண்டு வெங்காயத்தைவிடக் கடுமையானது; உண்ணி நீங்கும் என்று அதைக் கொடுப்பது ஆபத்தானது.

குழந்தைகளின் சளிக்குக் கைவைத்தியமாகும் கற்பூரவல்லி, நாய்க்கு வாந்தி, வயிற்றுப்போக்கு, பசியின்மை, சோர்வு ஆகியவற்றைத் தரும். சோற்றுக்கற்றாழையின் தோலுக்கடியில் உள்ள மஞ்சள் நிறப் பாலும் வயிற்றைக் கெடுக்கும். அழகுக்காக வளர்க்கப்படும் அரளியின் எல்லாப் பகுதிகளும் இதயத்தைத் தாக்கும் நஞ்சுடையவை; உயிரிழப்பும் நேரலாம்.

கொடுக்கும் முறை

பூச்சிமருந்து தெளிக்காத இலைகளை நன்கு கழுவி, பொடியாக நறுக்கி, வழக்கமான உணவில் ஒரு சிட்டிகை மட்டும் கலக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே மூலிகையைக் கொடுத்து, ஒரு நாள் கவனித்த பின்னரே அடுத்ததைத் தொடங்கலாம். மூலிகைகளிலிருந்து வடித்த எண்ணெய்கள் மிகவும் செறிவானவை; அவற்றைக் கொடுக்கலாகாது. சினையாக உள்ள நாய்க்கும் மருந்து உண்ணும் நாய்க்கும் கால்நடை மருத்துவரைக் கேட்காமல் எதையும் கொடுக்கக்கூடாது.

நஞ்சு உண்டால்

வெங்காயம், பூண்டு நஞ்சின் அறிகுறிகள் சில நாள்கள் கழித்தே வெளிப்படலாம். ஈறுகள் வெளிறுதல், சோர்வு, மூச்சிரைப்பு, செம்பழுப்பு நிறச் சிறுநீர் ஆகியவை முக்கியமானவை. அறிகுறிக்காகக் காத்திராமல், தின்றது தெரிந்தவுடன் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். எந்தச் செடியை, எவ்வளவு, எப்போது தின்றது என்பதைத் தெரிவித்தால் சிகிச்சைக்கு உதவும். செடியின் ஒரு கிளையையும் எடுத்துச் செல்லலாம். வாந்தி எடுக்கச் செய்ய உப்புநீர் புகட்டக்கூடாது. உப்பு மிகுந்தால் அதுவே நஞ்சாகும்.